கதவை மூடியது தவறா? பெருந்தொற்றுக் காலத்தில் குடும்பத்தைப் பார்க்கும் உரிமை

"கொரோனா காலத்தில் முதியோர் இல்லத்தில் இருந்த என் அம்மாவை நான்கு மாதம் பார்க்க விடவில்லை. கடைசியில் இறந்துவிட்டார் என்று போன் வந்தது. 'உயிரைக் காப்பாற்றத்தானே அப்படிச் செய்தார்கள்' என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. இது மனித உரிமை மீறல்தானா, இல்லை நடந்ததை ஏற்க மறுப்பது நான்தானா?" இதுதான் கேள்வி.

உங்கள் அம்மாவை நினைத்து வருந்துகிறேன். உங்களிடம் மற்றவர்கள் சொல்வதும் சரியாக இருக்கலாம், உங்கள் மனம் சொல்வதும் சரியாக இருக்கலாம். 2020 மார்ச்சில் கதவை மூடியதில் நியாயம் இருந்தது. அதே கதவை ஜூலையிலும் அதே மாதிரி, யாருக்கும் விலக்கு இல்லாமல் மூடியே வைத்திருந்ததற்கு நியாயம் இருந்ததா என்பது தனிக் கேள்வி. மனித உரிமைச் சட்டம் இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. உங்களுக்கு ஆறுதல் சொன்னவர்கள் எல்லோரும் முதல் கேள்விக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் மனம் கேட்டுக்கொண்டிருப்பது இரண்டாவதை.

சட்டத்தில் இந்த உரிமை எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்கலாம். "குடும்பத்தாரைப் போய்ப் பார்க்கும் உரிமை" என்று அந்தச் சொற்களிலேயே ஒரு விதியைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. 1966-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 17-வது பிரிவு, யாருடைய தனிவாழ்விலும் குடும்பத்திலும் வீட்டிலும் தான்தோன்றித்தனமாகவோ சட்டத்துக்குப் புறம்பாகவோ தலையிடக் கூடாது என்கிறது. 23-வது பிரிவு குடும்பத்தைச் சமூகத்தின் இயல்பான, அடிப்படையான அலகு என்று சொல்லி, அதைப் பாதுகாக்கும் கடமையைச் சமூகத்தின் மீதும் அரசின் மீதும் வைக்கிறது. ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 8-வது பிரிவும் இதே பொருளில் பேசுகிறது. குழந்தைகள் விஷயத்தில் மட்டும் சட்டம் இன்னும் நேராக வருகிறது. 1989-ல் ஏற்கப்பட்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 9-வது பிரிவின்படி, பெற்றோரைப் பிரிந்திருக்கும் குழந்தை அவர்களோடு ஒழுங்காக நேரடித் தொடர்பு வைத்திருக்க உரிமை உள்ளது. குழந்தையின் நலனுக்கு அது எதிராக இருந்தால் மட்டுமே மறுக்கலாம். "நேரடி" என்ற சொல் அதிலேயே இருக்கிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இது உங்கள் உரிமை மட்டும் இல்லை, உங்கள் அம்மாவின் உரிமையும்தான். யாரைப் பார்க்க வேண்டும், எவ்வளவு ஆபத்தை ஏற்கலாம் என்று உள்ளே இருந்தவரிடம் யாராவது கேட்டார்களா என்பது பெரும்பாலான விவாதங்களில் வரவே இல்லை.

சரி, இந்த உரிமையைக் கட்டுப்படுத்த முடியுமா? முடியும். சித்திரவதைக்கு ஆளாகாமல் இருக்கும் உரிமையை எந்த நெருக்கடியிலும் யாரும் தொட முடியாது. குடும்ப வாழ்வுக்கான உரிமை அந்த வகை அன்று. மற்றவர்களின் உயிரைக் காக்க அதற்கு எல்லை வகுக்கலாம். தேசத்தின் உயிருக்கே ஆபத்து என்ற நிலை வந்தால், குடிமை, அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 4-வது பிரிவின்படி முறையாக அறிவித்துவிட்டு, சில கடப்பாடுகளிலிருந்து அரசு தற்காலிகமாக விலகவும் செய்யலாம். 2020-ல் எஸ்டோனியா, லாட்வியா, ருமேனியா, ஜார்ஜியா போன்ற நாடுகள் அப்படி அறிவித்தன. உலகின் பெரும்பாலான நாடுகள் அறிவிக்கவில்லை. அறிவிக்காத நாட்டில் வழக்கமான அளவுகோல் முழுமையாகவே பொருந்தும். "அது அவசர காலம், அப்போது உரிமை பேச முடியாது" என்று யாராவது சொன்னால், சட்டப்படி அது சரியான வாதம் அன்று.

அந்த அளவுகோல் என்ன? 1984-ல் இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள சிராகூசா நகரில் பல நாட்டுச் சட்ட வல்லுநர்கள் கூடி, உரிமைகளுக்கு எல்லை வகுக்கும்போது அரசு எதையெல்லாம் கடைப்பிடிக்க வேண்டும் என்று எழுதினார்கள். சிராகூசா கோட்பாடுகள் என்று அதற்குப் பெயர். பொதுச் சுகாதாரத்தைக் காரணம் காட்டும் கட்டுப்பாடு நோயைத் தடுப்பதையோ நோயாளியைப் பராமரிப்பதையோ குறிப்பாக நோக்கியதாக இருக்க வேண்டும். சட்டத்தின் அடிப்படை வேண்டும். நோக்கத்துக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும், தேவைக்கு மேல் ஓர் அங்குலம் போகக் கூடாது. அதைவிட மென்மையான வழி இருந்தால் அந்த வழியைத்தான் எடுக்க வேண்டும். கட்டுப்பாடு நியாயமானதுதான் என்று காட்டும் பொறுப்பு அரசுடையது. 2020 ஏப்ரல் 24 அன்று ஐ.நா. மனித உரிமைக் குழு கொரோனாவைப் பற்றித் தனியாகவே ஓர் அறிக்கை வெளியிட்டது. நிலைமை கண்டிப்பாகக் கோரும் அளவுக்கு மட்டும், தற்காலிகமாக, அளவோடு என்று அதிலும் இதே அளவுகோல்தான்.

கடைசியாகச் சொன்ன அந்தப் பொறுப்பை மறுபடி படித்துப் பாருங்கள். மூடியவர்தான் காரணம் காட்ட வேண்டும். நடந்தது அதற்கு நேர்மாறு. "ஏன் பார்க்க வேண்டும், என்ன அவசரம்" என்று மகளும் மகனும் வாசலில் நின்று விளக்க வேண்டியிருந்தது.

மூடியவர்கள் பக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கிர்க்லண்ட் என்ற ஊரில், 2020 பிப்ரவரி கடைசியில் தொடங்கிய தொற்றில் ஒரே முதியோர் இல்லத்தோடு தொடர்புடைய 30-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முதியோர் இல்லத்துக்குள் வைரஸ் நுழைந்தால் என்ன ஆகும் என்று உலகம் முதன்முதலில் பார்த்த இடங்களில் அது ஒன்று. தடுப்பூசி இல்லை. பரிசோதனைக் கருவி போதவில்லை. முகக்கவசம் செவிலியர்களுக்கே கிடைக்கவில்லை. மார்ச் 13 அன்று அமெரிக்க மத்திய அரசின் சுகாதாரக் காப்பீட்டு அமைப்பு, முதியோர் இல்லங்களுக்குள் வெளியாட்களை அனுமதிக்க வேண்டாம் என்றது. இறுதித் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. நெதர்லாந்து மார்ச் 20-ஐ ஒட்டி நாடு முழுக்க மூடியது. இதைக் கொடுமை என்று நான் சொல்ல மாட்டேன். எதுவும் தெரியாத நிலையில், உள்ளே இருப்பவர்களின் உயிருக்கான உரிமை எடை கூடி நின்றது. உங்கள் அம்மாவின் பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கும் ஒரு மகள் இருந்திருப்பார். "யாரையும் உள்ளே விடாதீர்கள்" என்று அவர் கெஞ்சியிருக்கலாம். அந்தக் கெஞ்சலுக்கும் மனித உரிமையில் இடம் இருக்கிறது.

தவறு வேறு இடத்தில் நடந்தது. "பார்வையாளர்" என்ற ஒரே சொல்லுக்குள் எல்லோரையும் போட்டார்கள். பக்கத்து அறைக்கு வந்துபோகும் விருந்தினர், பஜனை பாட வரும் குழு, பொருள் விற்க வருபவர், மறதி நோயில் இருக்கும் அம்மாவுக்குத் தினமும் வந்து சோறு ஊட்டும் மகள், எல்லோரும் பார்வையாளர்கள். ஒரே கையெழுத்தில் எல்லோருக்கும் தடை. அந்த மகள் வந்தது பார்த்துவிட்டுப் போக இல்லை என்பது அங்கே வேலை செய்த எல்லோருக்கும் தெரியும். எந்தப் பக்கம் படுக்க வைத்தால் அம்மாவுக்கு வலிக்காது, மாத்திரையை எதோடு கலந்து கொடுத்தால் துப்ப மாட்டார், இன்றைக்கு முகம் ஏன் வாடியிருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஆள் பற்றாக்குறை உள்ள இல்லங்களில் பராமரிப்பின் ஒரு பகுதி இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. தடை வந்ததும் அந்தப் பராமரிப்பும் சேர்ந்து நின்றது. அதற்குப் பதிலாக யாரும் வரவில்லை.

அதே சமயம் ஊழியர்கள் தினமும் உள்ளே வந்து வெளியே போனார்கள். வேறு வழி இல்லை, அவர்கள் வரத்தான் வேண்டும். சம்பளம் போதாமல் இரண்டு மூன்று இல்லங்களில் வேலை பார்த்தவர்கள் வழியாக ஓர் இல்லத்திலிருந்து இன்னோர் இல்லத்துக்குத் தொற்று போனது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டு, ஒருவர் ஓர் இல்லத்தில் மட்டுமே வேலை செய்ய வேண்டும் என்று 2020 மார்ச் கடைசியிலேயே உத்தரவு போட்டது. கவச உடையும் பயிற்சியும் கொடுத்தால் ஓர் ஊழியர் பாதுகாப்பாக உள்ளே வரலாம் என்றால், அதே உடையோடும் பயிற்சியோடும் ஒரு மகள் ஏன் வரக் கூடாது? "மென்மையான வழி இருந்ததா" என்று சிராகூசா கேட்கும் கேள்வி இதுதான்.

இதற்குப் பதிலும் சீக்கிரமே கிடைத்தது. 2020 மே 11 முதல் நெதர்லாந்தில் 26 முதியோர் இல்லங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவருக்கும் குறிப்பிட்ட ஒரே ஒருவர் வந்து பார்க்கலாம் என்று திறந்தார்கள். ஆய்வாளர்கள் கூடவே இருந்து கவனித்தார்கள். அந்த முதல் மூன்று வாரத்தில் புதிய தொற்று எதுவும் பதிவாகவில்லை. மூன்று வாரம், 26 இல்லங்கள், அதுவும் தொற்று இறங்கிக்கொண்டிருந்த நேரம். இதை வைத்து எப்போதும் எங்கேயும் ஆபத்தே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் முழுத் தடைக்கும் முழுத் திறப்புக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது என்று அது காட்டிவிட்டது. அதன் பிறகும் "வேறு வழியே இல்லை" என்று சொன்னவர் அதற்குக் காரணம் காட்டியிருக்க வேண்டும்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2020 செப்டம்பரில், ஒவ்வொருவருக்கும் இரண்டு பேர் வரை இன்றியமையாத பராமரிப்பாளராகப் பெயர் குறிக்கலாம் என்றது. அவர்கள் பொதுப் பார்வையாளர் கணக்கில் வர மாட்டார்கள். அதே மாதம் 17-ஆம் தேதி அமெரிக்கச் சுகாதாரக் காப்பீட்டு அமைப்பு தன் பழைய மார்ச் உத்தரவை விளக்கி எழுதியது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. இரக்கத்தின் பேரில் அனுமதி என்பது சாகப்போகிறவர்களுக்கு மட்டும் இல்லை என்று சொல்லி, சில உதாரணங்களும் கொடுத்தது. குடும்பத்தோடு இருந்துவிட்டுப் புதிதாக இல்லத்துக்கு வந்து தவிப்பவர். நெருங்கியவரை இழந்து துக்கத்தில் இருப்பவர். முன்பு குடும்பத்தார் ஊக்கப்படுத்திச் சாப்பிட வைத்தவர், இப்போது சாப்பிடாமல் எடை குறைந்துகொண்டே போகிறவர். முன்பு கலகலப்பாகப் பேசியவர், இப்போது பேச்சே குறைந்து அடிக்கடி அழுகிறவர்.

ஓர் அரசு அலுவலகத்தின் சுற்றறிக்கையில் "அடிக்கடி அழுகிறவர்" என்று வந்ததே, அது வர ஆறு மாதம் ஆனது. அந்த ஆறு மாதத்தில் எத்தனை பேர் சாப்பிடாமல் சுருங்கிப் போனார்கள் என்பதுதான் எனக்கு ஆறாத இடம்.

கட்டுப்பாட்டுக்குச் சட்டத்தின் அடிப்படை வேண்டும் என்று மேலே சொன்னேன். நடைமுறையில் பல நாடுகளில் இந்தத் தடை சட்டமாக இருக்கவில்லை. வழிகாட்டுதல் என்ற பெயரில் ஒரு கடிதம் வரும். அதில் "இயன்றவரை", "சூழலுக்கேற்ப" என்றெல்லாம் இருக்கும். வழக்கு வந்துவிடுமோ, காப்பீடு கிடைக்காமல் போகுமோ, பத்திரிகையில் பெயர் வருமோ என்ற பயத்தில் நிர்வாகம் அதை மாற்றவே முடியாத விதியாக எடுத்துக்கொள்ளும். கேட்டால், "மேலிடத்து உத்தரவு." மேலிடத்தைக் கேட்டால், "நாங்கள் ஆலோசனைதான் சொன்னோம், முடிவு இல்லத்தினுடையது." நடுவில் நிற்பவருக்கு யார் மீது வழக்குப் போடுவது என்றே தெரியாது. பிரிட்டன் நாடாளுமன்றத்தின் மனித உரிமைகளுக்கான கூட்டுக் குழு இதைத்தான் பிடித்தது. ஒவ்வொருவரின் நிலைமையையும் தனித்தனியாக மதிப்பிட்டு முடிவெடுக்க வேண்டும் என்பதைச் சட்டமாகவே ஆக்குங்கள் என்று 2021 மே மாதம் அரசிடம் சொன்னது. முடிவெடுப்பவர் யார் என்று தெரியாத இடத்தில் உரிமை இருந்தும் பயன் இல்லை.

குழந்தைகள் விஷயத்தில் இந்தக் கண்மூடித்தனம் இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. தொற்று உறுதியான தாயிடமிருந்து பிறந்த குழந்தையை உடனே பிரித்து வைப்பது பல மருத்துவமனைகளில் வழக்கமானது. நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள். ஆனால் தாயும் சேயும் ஒரே அறையில் இருக்க வேண்டும், தோலோடு தோல் அணைக்க வேண்டும், தாய்ப்பால் கொடுக்க வேண்டும், முகக்கவசமும் கை கழுவுதலும் போதும் என்றே உலகச் சுகாதார நிறுவனம் ஆரம்பத்திலிருந்து சொல்லி வந்தது. குறைமாதத்திலோ எடை குறைவாகவோ பிறக்கும் குழந்தைகளைத் தாயின் மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு முறைப் பராமரிப்பு, அந்தக் குழந்தைகளின் இறப்பை 40 சதவீதம் வரை குறைக்கக்கூடியது. இந்த முறை எல்லாக் குழந்தைகளுக்கும் கிடைத்தால் 1,25,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் காப்பாற்றலாம் என்று 2021 மார்ச்சில் அந்த நிறுவனமும் ஆய்வாளர்களும் கணக்குக் காட்டினார்கள். கொரோனாவால் பச்சிளம் குழந்தைகளுக்கு வரக்கூடிய ஆபத்து அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. இங்கே உரிமையும் உயிரும் எதிரெதிராக நிற்கவே இல்லை. அணைத்திருப்பதுதான் உயிரைக் காத்தது. பிரித்தவர்கள் அந்தப் பக்கத்துக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

பிரசவத்தின்போது துணை வேண்டும் என்பதும் இப்படித்தான். 2020 மார்ச்சில் நியூயார்க்கில் சில மருத்துவமனைகள் கணவர் உட்பட யாரையும் பிரசவ அறைக்குள் விடாமல் தடுத்தன. ஒரு வாரத்துக்குள்ளாகவே, மார்ச் 28 அன்று, ஒரு துணையை அனுமதித்தே ஆக வேண்டும் என்று மாநில ஆளுநரின் உத்தரவு வந்தது. தொற்று உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்த நகரம் அது. அங்கேயே ஒருவரை அனுமதிக்க முடிந்தது.

2022 வசந்த காலத்தில் ஷாங்காயில் நடந்ததையும் சொல்ல வேண்டும். தொற்று உறுதியான சின்னஞ்சிறு குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தனி இடத்தில் வைத்தார்கள். கட்டில்களில் வரிசையாகக் கிடந்து அழும் குழந்தைகளின் படங்கள் வெளியே வந்ததும் கொந்தளிப்பு ஏற்பட்டது. பல நாட்டுத் தூதரகங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. ஏப்ரல் தொடக்கத்தில் விதி தளர்ந்தது. தொற்று உள்ள பெற்றோர் குழந்தையோடு இருக்கலாம், தனிக் கவனிப்பு தேவைப்படும் குழந்தையோடு தொற்று இல்லாத பெற்றோரும் ஒப்புதல் எழுதிக் கொடுத்துவிட்டு இருக்கலாம் என்றார்கள். இரண்டு ஆண்டு அனுபவம் கையில் இருந்த பிறகும் அந்த விதியை ஒருவர் எழுதியிருக்கிறார், இன்னொருவர் ஒப்புதல் கொடுத்திருக்கிறார்.

சிறைகளில் வேறு விதமான பாடம் கிடைத்தது. சிறைவாசிகளின் குடும்பச் சந்திப்புகளைப் பல நாடுகள் நிறுத்தின. இத்தாலியில் 2020 மார்ச்சில் அந்த அறிவிப்பு வந்ததும் பல சிறைகளில் கலவரம் வெடித்தது, 13 கைதிகள் இறந்தார்கள். நெரிசல், தொற்று பயம் என்று வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் பொறி பட்டது குடும்பச் சந்திப்பு நின்ற இடத்தில். ஐரோப்பிய சித்திரவதைத் தடுப்புக் குழு மார்ச் 20 அன்றே ஒரு கோட்பாட்டைச் சொன்னது: வெளியுலகத் தொடர்பைக் குறைத்தால், தொலைபேசி, இணைய அழைப்பு என்று வேறு வழியில் அதை ஈடுகட்ட வேண்டும். இது எனக்கு மிகவும் பிடித்த கோட்பாடு. எடுத்தால் திருப்பிக் கொடு, அவ்வளவுதான். அமெரிக்க மத்திய சிறைகள் மாதம் 300 நிமிடமாக இருந்த தொலைபேசி நேரத்தை 500 ஆக்கின, பிறகு அழைப்பை இலவசமாகவும் ஆக்கின. சிறைவாசிக்கே ஈடு கொடுக்க முடிந்தது என்றால், எந்தக் குற்றமும் செய்யாத உங்கள் அம்மாவுக்கு வாரம் எத்தனை முறை போன் கிடைத்தது? யார் பிடித்துக்கொண்டார்கள்? அவருக்குக் காது கேட்டதா?

கடைசிக் கேள்வியைச் சும்மா கேட்கவில்லை. வீடியோ கால் எல்லோருக்கும் ஈடாகாது. காது மந்தமானவருக்கும், பார்வை போனவருக்கும், திரையில் தெரியும் முகம் தன் மகன்தான் என்று புரியாத மறதி நோயாளிக்கும், கைக்குழந்தைக்கும் அது வெறும் வெளிச்சமும் சத்தமும்தான். அவர்களுக்கு இருக்கும் ஒரே மொழி தொடுதல். எல்லோருக்கும் ஒரே டேப்லெட்டைக் கொடுத்துவிட்டு "சமமாக நடத்தினோம்" என்று சொல்வதை மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்காது. அவரவர் நிலைக்கு ஏற்ற மாற்றம் செய்து கொடுக்க மறுப்பதே பாகுபாடு என்பது அதன் அடிப்படை.

நாட்டு எல்லைகளால் பிரிந்த குடும்பங்களைப் பற்றிச் சுருக்கமாக. ஆஸ்திரேலியா தன் குடிமக்களையே வெளியே போகவும் திரும்பி வரவும் ஒன்றரை ஆண்டுக்கும் மேல் கட்டுப்படுத்தியது. 2021 நவம்பரில்தான் அது தளர்ந்தது. திருமணமாகாத இணையர்களைப் பல நாடுகள் குடும்பமாகவே எண்ணவில்லை. குடும்பம் என்றால் யார் என்பதை எல்லைக் காவலர் முடிவு செய்யும் நிலை வந்தது. அதே நாடுகளுக்குள் தொழில் நிமித்தம் வந்தவர்களுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் அனுமதி கிடைத்தது என்பதுதான் அளவுகோல் எங்கே கோணியது என்று காட்டுகிறது.

இப்போது சாவுக்கு வருகிறேன். உங்கள் கேள்வியின் மையமே அதுதான்.

இறந்தவரின் உடலிலிருந்து நோய் பரவும் ஆபத்து எல்லா நோய்க்கும் ஒன்று இல்லை. எபோலாவில் அது மிகப் பெரிது. 2014 முதல் 2016 வரை மேற்கு ஆப்பிரிக்காவில் 11,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்த அந்தத் தொற்றில், உடலைக் குளிப்பாட்டித் தொட்டு வழியனுப்பும் சடங்குகள் வழியாகவே பலருக்கு நோய் வந்தது. முதலில் கவச உடை போட்டவர்கள் வந்து உடலைத் தூக்கிக்கொண்டு போனார்கள். குடும்பங்கள் பயந்து உடலை ஒளித்தன, நோயாளிகளையே ஒளித்தன. பரவல் கூடியது. 2014 நவம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் மதத் தலைவர்களோடு உட்கார்ந்து பேசி, பாதுகாப்பான, மரியாதையான அடக்கத்துக்கு ஒரு நடைமுறையை வகுத்தது. குடும்பம் தள்ளி நின்று பார்க்கலாம், பிரார்த்தனை செய்யலாம், கல்லறைக்கு வரலாம். மரியாதை கொடுத்ததும் மக்கள் ஒத்துழைத்தார்கள். தொற்றுத் தடுப்பு வேலைக்கே அது உதவியது.

கொரோனாவில் உடலிலிருந்து பரவும் ஆபத்து அவ்வளவு இல்லை. குடும்பத்தார் உடலைப் பார்க்கலாம், தொடவோ முத்தமிடவோ வேண்டாம், தொற்றில் இறந்தவரை எரித்தே ஆக வேண்டும் என்பது தவறான நம்பிக்கை என்று 2020 மார்ச் 24 அன்றே உலகச் சுகாதார நிறுவனம் எழுதிவிட்டது. இருந்தும் இலங்கையில் 2020 மார்ச் இறுதியிலிருந்து, தொற்றில் இறந்த எல்லோரையும் எரிக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அடக்கம் செய்தால் நிலத்தடி நீர் கெடும் என்று காரணம் சொன்னார்கள். எரிப்பதை மதம் ஏற்காத முஸ்லிம் குடும்பங்கள், பிறந்து சில வாரங்களே ஆன குழந்தையின் உடலையும் இப்படி இழந்தன. 2021 பிப்ரவரி இறுதியில் விதி மாறி, மார்ச்சில் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அரசு முறைப்படி மன்னிப்புக் கேட்டது. அறிவியல் ஆதாரம் இல்லாத, ஒரு பிரிவினரை மட்டும் கூடுதலாகக் காயப்படுத்திய கட்டுப்பாடு சிராகூசா அளவுகோலில் முதல் படியிலேயே விழுந்துவிடும். உரிமை மீறலா என்ற கேள்விக்கு அங்கே தயங்காமல் ஆம் என்று சொல்லலாம்.

விடைபெறுவது குடும்ப வாழ்வின் ஒரு பகுதி என்று நீதிமன்றங்களும் பார்த்திருக்கின்றன. தாயும் தந்தையும் அடுத்தடுத்து இறந்தபோது இறுதிச் சடங்குக்குப் போக விசாரணைக் கைதி ஒருவருக்கு அனுமதி மறுத்த போலந்து அரசு, ஐரோப்பிய உடன்படிக்கையின் 8-வது பிரிவை மீறியது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2002-ல் தீர்ப்பளித்தது. காவலோடு அனுப்பியிருக்கலாமே, அதை ஏன் யோசிக்கவில்லை என்பதுதான் நீதிமன்றத்தின் கேள்வி. போகவே கூடாது என்பதற்கும் தனியாகப் போகலாம் என்பதற்கும் நடுவில் இருந்த வழியைத்தான் அந்த நீதிமன்றமும் தேடியது.

நோயைக் காரணம் காட்டிப் போட்ட தடை, காரணம் போன பிறகும் தங்கிவிடும் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது. ஜப்பானில் தொழுநோயாளிகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்தார்கள். 1940-களிலேயே மருந்து வந்துவிட்டது. பிரித்து வைக்கும் சட்டம் 1996 வரை இருந்தது. 2001-ல் குமமோட்டோ மாவட்ட நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு எதிரானது என்றது. அதே நீதிமன்றம் 2019-ல் இன்னொரு தீர்ப்பு சொன்னது: பிரிந்து வாழ்ந்து அவமானம் சுமந்த குடும்பத்தாருக்கும் இழப்பீடு கொடுக்க வேண்டும். பிரித்து வைத்தால் இரண்டு பக்கமும் காயம் என்று ஒரு நீதிமன்றம் எழுதுவதற்கு அத்தனை காலம் பிடித்தது.

கொரோனாவுக்குப் பிறகு சில இடங்களில் சட்டம் வேகமாகவே மாறியது. டெக்சாஸ் மாநில வாக்காளர்கள் 2021 நவம்பரில், இல்லத்தில் இருப்பவர் தனக்கு ஓர் இன்றியமையாத பராமரிப்பாளரைப் பெயர் குறிக்கலாம், அவரை நேரில் வரவிடாமல் தடுக்க முடியாது என்று தங்கள் அரசியலமைப்பிலேயே எழுதினார்கள். இங்கிலாந்தில் 2024 ஏப்ரல் முதல், முதியோர் இல்லத்திலும் மருத்துவமனையிலும் குடும்பத்தாரை அனுமதிப்பது பராமரிப்பின் அடிப்படைத் தரங்களில் ஒன்றாகிவிட்டது. மறுத்தால் கண்காணிப்பு ஆணையம் கேள்வி கேட்கலாம். இவற்றுக்குப் பின்னால் இருந்தவர்கள் உங்களைப் போன்றவர்கள், ஆறாதவர்கள்.

செவிலியர்களையும் ஊழியர்களையும் குற்றவாளிகளாக நான் பார்க்கவில்லை. தங்கள் குழந்தைகளை வாரக்கணக்கில் பிரிந்திருந்து, சாகிறவரின் காதருகே போனைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் அவர்கள். விதி எழுதும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. விலக்குக் கொடுக்கும் அதிகாரத்தையும் அவர்களிடம் தரவில்லை.

உங்கள் அம்மா விஷயத்துக்கு வருகிறேன். அது மீறலா என்று இங்கிருந்து என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் எதைக் கேட்டால் தெரியும் என்று சொல்ல முடியும். அந்த இல்லத்துக்கு எழுத்து மூலமாகக் கடிதம் எழுதுங்கள். தடையை எந்தத் தேதியில், யார், எந்த உத்தரவின் பேரில் போட்டார்கள்? அந்த நான்கு மாதத்தில் எத்தனை முறை மறுபடி யோசித்தார்கள், அதற்குக் குறிப்பு இருக்கிறதா? அம்மாவின் நிலைமையைத் தனியாக மதிப்பிட்டார்களா, அவர் கருத்தைக் கேட்டார்களா? அவருடைய எடை மாதாமாதம் எவ்வளவு இருந்தது? இறுதித் தறுவாயில் இருப்பவரைப் பார்க்க விலக்கு இருந்திருந்தால், அந்த நிலை வந்துவிட்டது என்று மருத்துவக் குறிப்பில் எழுதிய நாள் எது, உங்களுக்குப் போன் செய்த நாள் எது? நிலைமையை அறிந்த நாளுக்கும் உங்களிடம் சொன்ன நாளுக்கும் நடுவே நாட்கள் கிடந்தால், அது பெருந்தொற்று செய்த வேலை ஆகாது.

மருத்துவக் குறிப்புகளை வாரிசாகக் கேட்டுப் பெறப் பல நாடுகளில் வழி இருக்கிறது. ஆனால் இப்படிப்பட்ட ஆவணங்களைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குத்தான் பாதுகாத்து வைப்பார்கள், வழக்குத் தொடுக்கவும் காலக்கெடு இருக்கும். அதனால் கடிதத்தை இந்த வாரமே அனுப்புங்கள், நகல் ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.